வளிமப் பருமனறி பகுப்பாய்வு

வளிமப் பருமனறி பகுப்பாய்வு என்பது ஒரு சேர்மத்தை ஆக்சிசனில் எரித்து, எரிவதற்கு முன்னும் பின்னும் உள்ள வளிமங்களின் (வாயுக்களின்) கன அளவுகளை ஒப்பிட்டு, அச்சேர்மத்தின் மூலக்கூறு வாய்பாட்டைக் கண்டறியும் முறை ஆகும். இதற்குப் பயன்படும் கருவி யூடியோமானி எனப்படும். மீத்தேன், புரொப்பேன், எத்திலீன் போன்ற ஐதரோகார்பன்களின் வாய்பாடுகளை அறிய 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இம்முறை பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. இன்று ஆய்வகங்களில் வேறு கருவிகள் வந்துவிட்டன. எனினும் இதன் கணக்கு பள்ளிப் பாடங்களிலும், எரிபொருளை ஆளும் தொழிற்சாலைகளிலும், மனித மூச்சைப் பற்றிய ஆய்விலும் தொடர்ந்து வாழ்கிறது. தூத்துக்குடியில் உர ஆலை ஒன்று நாப்தாவை விட்டு இயற்கை வளிமத்துக்கு மாறியபோது அதன் கார்பன் வரவு செலவு மாறியதும் இக்கணக்கின்படியே ஆகும்.

அடிப்படை

ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வளிமங்கள், எவையாயினும், சம கன அளவில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும். இது அவகாட்ரோ விதி. 10 மி.லி. மீத்தேனில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளனவோ, ஏறத்தாழ அத்தனையே 10 மி.லி. ஆக்சிசனிலும் 10 மி.லி. கார்பன் டைஆக்சைடிலும் இருக்கும். எனவே வளிமத்தின் கன அளவை அளப்பது என்பது அதன் மூலக்கூறுகளை எண்ணுவதற்கு ஒப்பாகும். தராசு தேவையில்லை, அணுநிறைகளும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதுவே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

விதியில் உள்ள "ஒரே அழுத்தத்தில்" என்னும் நிபந்தனையை மாணவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டர் ஆழம் இறங்கும்போது, அவர்மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது; நுரையீரலில் உள்ள காற்றின் கன அளவு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குகிறது. 20 மீட்டரில் அது மூன்றில் ஒரு பங்காகும். மூலக்கூறு ஒன்றுகூட வெளியேறவில்லை. அழுத்தம் மட்டுமே மாறியது. ஆகவே இரு கன அளவுகளை ஒப்பிட வேண்டுமாயின் இரண்டையும் ஒரே அழுத்தத்துக்கும் ஒரே வெப்பநிலைக்கும் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

வரலாறு

யூடியோமானி என்னும் சொல் நல்ல காற்றை அளப்பது என்னும் பொருள்தரும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது. 1770களில் ஐரோப்பிய அறிஞர்கள் காற்றின் "நற்தன்மை"யை, அதாவது அது மூச்சுக்கு எவ்வளவு உகந்தது என்பதை, அளக்க முயன்றனர். ஜோசப் பிரீஸ்ட்லி அதற்கு ஒரு வேதிச் சோதனையை வகுத்தார். இத்தாலியரான மர்சிலியோ லாந்திரியானி 1775இல் கருவிக்கு இப்பெயரைச் சூட்டினார்.

அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1776இல் மஜ்ஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழ்களைக் குடுவையில் பிடித்தார். எரியக்கூடிய அந்த வளிமம் பின்னாளில் மீத்தேன் எனப் பெயர் பெற்றது. அதனைக் காற்றுடன் கலந்து மூடிய கலத்தில் மின்பொறியால் எரிக்கலாம் என அவர் காட்டினார். மின்பொறி யூடியோமானி இவ்வாறு தோன்றியது. சுடரை உள்ளே நுழைக்காமல் மூடிய கலத்திலேயே எரிக்க முடிந்ததால், எரிந்த பின் எஞ்சியதை ஒன்றும் சிந்தாமல் அளக்க முடிந்தது.

1805இல் கே-லுசாக்கும் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டும் சேர்ந்து, ஐதரசன் (ஹைட்ரஜன்) 2 பருமனும் ஆக்சிசன் 1 பருமனும் சேர்ந்தே நீராகின்றன என்பதை உறுதி செய்தனர். கே-லுசாக் 1808இன் இறுதியில் இதனைப் பொதுவிதியாக அறிவித்தார்: வளிமங்கள் ஒன்றோடொன்று வினைபுரியும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் அமைகின்றன. இது பருமன் இணைப்பு விதி எனப்படுகிறது.

இவ்விதியை ஏற்காதவர்களுள் முதன்மையானவர் அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்ட்டனே என்பது வேதியியல் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. நைதரசன் (நைட்ரஜன்) 1 பருமனும் ஆக்சிசன் 1 பருமனும் சேர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடு 2 பருமன் கிடைக்கிறது. பருமன் மூலக்கூறு எண்ணிக்கையைக் காட்டுமாயின் ஒவ்வோர் அணுவும் இரண்டாகப் பிளக்க வேண்டுமே என்பது அவரது தடை. 1811இல் அமெதியோ அவகாட்ரோ விடை கூறினார்: பிளப்பது அணுவன்று, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. அவ்விடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனால் நீரின் மூலக்கூறில் ஐதரசன் அணு ஒன்றா, இரண்டா என்பதிலேயே வேதியியலாளர் பிளவுபட்டிருந்தனர். 1860இல் கார்ல்சுரூஹே மாநாட்டில் ஸ்தனிஸ்லாவ் கன்னிசாரோ அவகாட்ரோவின் கருத்தை எடுத்துரைத்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1857இல், ராபர்ட் புன்சன் வளிமங்களை அளக்கும் முறைகளைத் திருத்தி ஒரு நூலாகவே வெளியிட்டிருந்தார். அளவு முதலில் வந்தது, அதன் பொருள் பின்னால் வந்தது.

கருவியும் செய்முறையும்

யூடியோமானி ஒரு முனை மூடிய, அளவுக்கோடுகள் இட்ட தடித்த கண்ணாடிக் குழாய். மூடிய முனைக்கருகில் இரு பிளாட்டினக் கம்பிகள் கண்ணாடியில் பதிக்கப்பட்டிருக்கும். குழாய் பாதரசத்தால் நிரப்பப்பட்டு, பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தப்படும். நீருக்குப் பதில் பாதரசம் பயன்படுவதற்குக் காரணம், கார்பன் டைஆக்சைடு நீரில் கரையும் என்பதே.

ஆய்வுக்குரிய வளிமத்தில் ஒரு குறித்த அளவை முதலில் குழாயினுள் செலுத்தி அளப்பர். பின்னர் தேவைக்கு மிகுதியாக ஆக்சிசனைச் சேர்த்து மீண்டும் அளப்பர். மின்பொறி பாய்ந்ததும் கலவை வெடித்து எரியும். குழாய் பழைய வெப்பநிலைக்குக் குளிர்ந்தவுடன் நீராவி நீர்த்துளியாகிவிடும். அதன் கன அளவு புறக்கணிக்கத்தக்கது. இப்போது காணும் குறைவு முதற்சுருக்கம் எனப்படும். அடுத்துப் பொட்டாசியம் ஐதராக்சைடுக் கரைசலை உட்செலுத்தினால் அது கார்பன் டைஆக்சைடு முழுவதையும் உறிஞ்சிவிடும். இந்தக் குறைவு இரண்டாம் சுருக்கம். எஞ்சியிருப்பது செலவாகாத ஆக்சிசன். அதனைக் காரம் கலந்த பைரோகல்லால் கரைசலால் உறிஞ்சிச் சரிபார்க்கலாம்.

ஐதரோகார்பனும் ஆக்சிசனும் கலந்த கலவை கண்ணாடிக் குழாயைச் சிதறடிக்கும் அளவு வலிமையாக வெடிக்கக்கூடியது. பாதரச ஆவியும் நஞ்சு. எனவே இச்சோதனை பள்ளி மாணவர் தாமே செய்து பார்ப்பதற்குரியதன்று. வளிமத்தின் கன அளவிலிருந்து ஒரு பொருளை அறியும் பயிற்சி வேண்டுமாயின், சிப்பி ஓட்டுத்தூளில் நீர்த்த அமிலத்தை விட்டு, எழும் கார்பன் டைஆக்சைடை ஓர் ஊசிக்குழலில் பிடித்து அளப்பது எளிது. தூய கால்சியம் கார்பனேட்டு 1 கிராம், 27 பாகை செல்சியசில் ஏறத்தாழ 245 மி.லி. வளிமத்தைத் தரும். சிப்பி ஓடும் முத்தும் பெரும்பாலும் இச்சேர்மமே. எஞ்சிய சிறுபங்கு புரதமும் நீரும் ஆகும்.

கணக்கிடும் முறை

ஒரு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் க, ஐதரசன் அணுக்கள் ஐ எனக் கொள்வோம். ஒவ்வொரு கார்பன் அணுவும் ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறாகிறது. அதற்கு ஓர் ஆக்சிசன் மூலக்கூறு வேண்டும். நான்கு ஐதரசன் அணுக்களுக்கு ஓர் ஆக்சிசன் மூலக்கூறு வேண்டும். எனவே சேர்மத்தின் 1 பருமனுக்கு:

செலவாகும் ஆக்சிசன் = க + ஐ/4
உண்டாகும் கார்பன் டைஆக்சைடு (இரண்டாம் சுருக்கம்) = க
முதற்சுருக்கம் = 1 + ஐ/4

மூன்றாவது வரியைக் கவனிக்க வேண்டும். எரியும் முன் 1 பருமன் சேர்மமும் அதற்குரிய ஆக்சிசனும் இருந்தன. எரிந்தபின் அவற்றின் இடத்தில் க பருமன் கார்பன் டைஆக்சைடு மட்டுமே உள்ளது. கழித்தால் க மறைந்து, ஐதரசனின் கணக்கு மட்டும் நிற்கிறது. கார்பனைக் கண்ணுக்குத் தெரியும் வளிமத்திலிருந்தும், ஐதரசனைக் காணாமற்போன வளிமத்திலிருந்தும் அறிகிறோம்.

எடுத்துக்காட்டாக, 10 மி.லி. ஐதரோகார்பனுடன் 70 மி.லி. ஆக்சிசன் கலந்து எரிக்கப்பட்டது எனக் கொள்வோம். குளிர்ந்தபின் 50 மி.லி. எஞ்சியது, பொட்டாசியம் ஐதராக்சைடுக்குப் பின் 20 மி.லி. எஞ்சியது. முதற்சுருக்கம் 80 − 50 = 30 மி.லி., அதாவது சேர்மத்தின் 1 பருமனுக்கு 3. எனவே ஐ/4 = 2, ஐ = 8. இரண்டாம் சுருக்கம் 50 − 20 = 30 மி.லி.; எனவே க = 3. கார்பன் 3, ஐதரசன் 8 கொண்ட இச்சேர்மம் புரொப்பேன். செலவான ஆக்சிசன் 70 − 20 = 50 மி.லி.; வாய்பாட்டின்படி 10 × (3 + 2) = 50. விடை பொருந்துகிறது.

டால்ட்டன் காலத்தில் மீத்தேனும் எத்திலீனும் வேறு வேறு பொருள்கள் எனத் தெளிவானதும் இத்தகைய அளவீட்டால்தான். மீத்தேன் 1 பருமன், ஆக்சிசன் 2 பருமனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடு 1 பருமனைத் தருகிறது. எத்திலீன் 1 பருமன், 3 பருமனை எடுத்து 2 பருமனைத் தருகிறது. ஒரே அளவு கார்பனுக்கு மீத்தேனில் ஐதரசன் இரு மடங்கு.

ஏமாற்றும் விடைகள்

மேற்கண்ட கணக்கில் சொல்லப்படாத ஒரு துணிபு உண்டு: குழாயில் இருந்தது ஒரே சேர்மம் என்பது. அது தவறாயின் கிடைப்பது சராசரி மட்டுமே. சமையல் எரிவளிமம் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அக்கலவையில் 10 மி.லி.யை எரித்து 36 மி.லி. கார்பன் டைஆக்சைடு கிடைத்தால் க = 3.6 ஆகும். கார்பன் அணு பின்னமாக இருக்க முடியாது. ஆகவே இது கலவை எனத் தெரிகிறது. இரண்டே சேர்மங்கள் உள்ளன என்பது முன்பே தெரியுமாயின், 4 மி.லி. புரொப்பேன், 6 மி.லி. பியூட்டேன் எனப் பிரித்தும் கூறலாம்.

ஆனால் 5 மி.லி. ஈத்தேனும் 5 மி.லி. பியூட்டேனும் கலந்திருந்தால் என்ன ஆகும்? ஈத்தேனில் கார்பன் 2, ஐதரசன் 6. பியூட்டேனில் கார்பன் 4, ஐதரசன் 10. சராசரி கார்பன் 3, ஐதரசன் 8. யூடியோமானி இதனைத் தூய புரொப்பேன் என்றே கூறும். அடர்த்தியை அளந்தாலும் பயனில்லை. கலவையின் சராசரி மூலக்கூறு நிறையும் புரொப்பேனுக்குரிய 44 தான். எல்லா ஆல்க்கேன்களிலும் ஐதரசன் எண்ணிக்கை கார்பனின் இரு மடங்கோடு இரண்டு கூட்டியதாக இருப்பதே இதற்குக் காரணம். இக்குடும்பத்துள் எதனை எதனோடு கலந்தாலும் சராசரி அந்த ஒழுங்கை விட்டு விலகாது. எனவே ஒன்றாகக் கலந்த ஆல்க்கேன்களை இனம் பிரிக்க இம்முறையால் இயலாது. வண்ணப்பிரிகை போன்ற, பொருள்களை முதலில் தனித்தனியே பிரிக்கும் முறைகளே வேண்டும். ஒரே வாய்பாட்டைக் கொண்ட மாற்றியங்களையும் (எ.கா. பியூட்டேன், ஐசோபியூட்டேன்) இது வேறுபடுத்தாது.

இரண்டாவது ஏமாற்றம் இதனினும் நுட்பமானது. சேர்மத்திலேயே ஆக்சிசன் அணுக்கள் இருந்து, அவற்றின் எண்ணிக்கை ஆ எனில்:

செலவாகும் ஆக்சிசன் = க + ஐ/4 − ஆ/2
முதற்சுருக்கம் = 1 + ஐ/4 − ஆ/2

அறிய வேண்டியவை மூன்று. அளவீடுகளும் மூன்று (இரு சுருக்கங்களும் செலவான ஆக்சிசனும்). ஆயினும் கணக்கு முடியாது. செலவான ஆக்சிசனோடு 1 கூட்டிக் க கழித்தால் முதற்சுருக்கம் வந்துவிடுகிறது. அது புதிய செய்தியன்று. டைமெத்தில் ஈதர் ஆவி 10 மி.லி.யை (கார்பன் 2, ஐதரசன் 6, ஆக்சிசன் 1) எரித்தால் 30 மி.லி. ஆக்சிசன் செலவாகி 20 மி.லி. கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். முதற்சுருக்கம் 20 மி.லி. எத்திலீனை (கார்பன் 2, ஐதரசன் 4) எரித்தாலும் இம்மூன்று எண்களும் அப்படியே கிடைக்கும்! ஈதரின் மூலக்கூறு, எத்திலீனோடு ஒரு நீர் மூலக்கூறைக் கூட்டியதற்குச் சமம். அந்த நீர் எரியவும் இல்லை, ஆக்சிசனைக் கேட்கவும் இல்லை. குளிர்ந்ததும் துளியாகி மறைந்துவிடுகிறது. இச்சிக்கலைத் தீர்க்கக் குழாயை 100 பாகைக்கு மேல் வைத்து நீராவியையும் வளிமமாக அளக்க வேண்டும் (ஈதருக்கு 30 மி.லி., எத்திலீனுக்கு 20 மி.லி.), அல்லது சேர்மத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். பாடநூற் கணக்குகள் பல "ஒரு ஐதரோகார்பன்" என்றே தொடங்குவது இதனால்தான்.

பிழைகள்

கடற்கரை வெப்பத்தில் இச்சோதனையைச் செய்வோர் முதலில் அஞ்ச வேண்டியது ஈரத்தை. 30 பாகை செல்சியசில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 32 மி.மீ. பாதரசம், இது வளிமண்டல அழுத்தத்தில் 4 விழுக்காட்டுக்கும் சற்று மிகுதி. மேற்கண்ட புரொப்பேன் சோதனையில் தொடக்க வளிமங்கள் உலர்ந்தவை, எரிந்தபின் உள்ளவை ஈரமானவை எனில், குழாய் 50 மி.லி.க்குப் பதில் 52.2 மி.லி. எனக் காட்டும். திருத்தாமல் கணக்கிட்டால் ஐதரசன் அணு 8க்குப் பதில் 7.1 என வரும். ஐதரோகார்பன் மூலக்கூறில் ஐதரசன் எப்போதும் இரட்டைப்படை எண்ணிலேயே இருக்கும் என அறிந்தவர் இங்கு விழித்துக்கொள்வார். அறியாதவர் 7 என எழுதிவிடுவார்.

மற்றொரு பிழை வளிமங்களின் இயல்பிலேயே உள்ளது. அவகாட்ரோ விதி இலட்சிய வளிமங்களுக்கே முற்றிலும் பொருந்தும். பியூட்டேன் அறைவெப்பநிலையில் ஏறத்தாழ 3 விழுக்காடு சுருங்கியிருப்பதால், 10 மி.லி.யில் கணக்குக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கும். கார்பன் 4 என்பது 4.1 என வரும். அருகிலுள்ள முழு எண்ணைக் கொள்வதால் சிறு மூலக்கூறுகளில் இது கேடு விளைவிப்பதில்லை. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும்.

தூத்துக்குடியில் கார்பன் கணக்கு

தூத்துக்குடியில் 1975இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்பிக் உர ஆலை, அம்மோனியாவுக்கு வேண்டிய ஐதரசனை நெடுங்காலம் நாப்தாவிலிருந்து பெற்றது. 2021 பெப்ரவரி 17 அன்று இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான 143 கி.மீ. இயற்கை வளிமக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; அவ்வாண்டில் ஆலை இயற்கை வளிமத்துக்கு மாறியது. நாப்தா பல ஐதரோகார்பன்களின் கலவை. அதில் ஒரு கார்பனுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 ஐதரசன் அணுக்கள். இயற்கை வளிமத்தில் பெரும்பங்கான மீத்தேனில் 4. இந்த வேறுபாட்டின் விளைவை யூடியோமானிக் கணக்கின் வழியிலேயே காணலாம்.

நீராவியோடு வினைபுரிந்து மீத்தேன் ஒரு கார்பனுக்கு 4 மூலக்கூறு ஐதரசனையும், நாப்தா 3 மூலக்கூறு ஐதரசனையும் தருகின்றன. இரண்டிலும் கார்பன் ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடாக வெளிவருகிறது. 2 மூலக்கூறு அம்மோனியாவுக்கு ஐதரசன் 3, நைதரசன் 1 வேண்டும். நைதரசனைக் காற்றிலிருந்து எடுக்கும்போது கூடவே 0.27 மூலக்கூறு ஆக்சிசனும் வந்து, 0.53 மூலக்கூறு ஐதரசனுக்கு ஈடான எரிபொருளைத் தின்றுவிடும். ஆக ஈட்ட வேண்டியது 3.53. மீத்தேனாயின் 3.53/4, அதாவது 0.88 மூலக்கூறு கார்பன் டைஆக்சைடு உண்டாகும், நாப்தாவாயின் 3.53/3, அதாவது 1.18.

யூரியா ஒரு மூலக்கூறு ஆக்க 2 அம்மோனியாவும் 1 கார்பன் டைஆக்சைடும் வேண்டும். நாப்தாவில் கார்பன் டைஆக்சைடு மிஞ்சுகிறது, மீத்தேனில் போதவில்லை. அம்மோனியா முழுவதையும் யூரியாவாக்க முனையும் இயற்கை வளிம ஆலைகள் எதிர்கொள்ளும் பற்றாக்குறை இதுவே. (உலையைச் சூடாக்க எரிக்கப்படும் எரிபொருளின் கார்பன் இக்கணக்கில் சேராது; அது நைதரசனோடு கலந்து புகைபோக்கி வழியே போய்விடும்.)

ஸ்பிக்கை அடுத்துள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை இவ்வாறு கிடைத்த கார்பன் டைஆக்சைடையும் அம்மோனியாவையும் உப்போடு சேர்த்துச் சோடா சாம்பலும் அம்மோனியம் குளோரைடும் செய்தது. உப்பு இந்நகருக்குப் பஞ்சமில்லாதது. தட்டுப்பட்டது கார்பன் டைஆக்சைடே. அண்டை ஆலை நின்றால் இதுவும் நிற்க வேண்டியிருந்தது. 2016இல் இவ்வாலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கார்பன் டைஆக்சைடைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் அமைந்த இவ்வமைப்பு அரசு மானியமின்றி நிறுவப்பட்டதால் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அதற்கான கரைப்பானை உருவாக்கிய கார்பன் கிளீன் நிறுவனம் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவரால் தொடங்கப்பட்டது. யூடியோமானியில் பொட்டாசியம் ஐதராக்சைடு செய்யும் வேலையையே இங்குக் கரைப்பான் செய்கிறது. ஒரு வேறுபாடு: பொட்டாசியம் ஐதராக்சைடு பிடித்ததை எளிதில் விடாது, இத்தகைய கரைப்பானைச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும், மீண்டும் பயன்படும்.

புகையை அளந்து எரிபொருளை அறிவதும் இயலும். 1979இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்டதாக வளர்ந்த தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் புகைபோக்கி வளிமத்தை அளப்பது அன்றாட வேலை. முன்பு இதற்கு ஆர்சாட் கருவி பயன்பட்டது. அதில் மூன்று கண்ணாடிக் கலங்கள் வரிசையாக நிற்கும்: முதலாவது கார்பன் டைஆக்சைடையும், இரண்டாவது ஆக்சிசனையும், மூன்றாவது கார்பன் மோனாக்சைடையும் உறிஞ்சும். தூய கார்பன் காற்றில் முழுமையாக எரிந்தால் உலர்ந்த புகையில் கார்பன் டைஆக்சைடும் ஆக்சிசனும் சேர்ந்து எப்போதும் 20.9 விழுக்காடு இருக்கும். கூட்டுத்தொகை அதனினும் குறைந்தால், குறைந்த ஆக்சிசன் ஐதரசனோடு சேர்ந்து நீராகியது எனப் பொருள். காட்டாக, புகையில் கார்பன் டைஆக்சைடு 9.5, ஆக்சிசன் 3.8, நைதரசன் 86.7 விழுக்காடு எனில், அவ்வளவு நைதரசனோடு காற்றில் வந்த ஆக்சிசன் 22.9. அதில் 13.3க்குக் கணக்கு உள்ளது, எஞ்சிய 9.6 நீராகியது. ஓர் ஆக்சிசன் மூலக்கூறுக்கு 4 ஐதரசன் அணுக்கள் வீதம், ஒரு கார்பனுக்கு 4 × 9.6/9.5, அதாவது ஏறத்தாழ 4 ஐதரசன் அணுக்கள். எரிந்தது மீத்தேன்.

மூச்சு

காற்றின் நற்தன்மையை அளக்கப் பிறந்த இக்கணக்கு, உடலுக்கும் அப்படியே பொருந்துகிறது. மூச்சும் மெதுவான எரிதலே என்பது லாவாசியே காட்டிய உண்மை. வெளிவிடும் கார்பன் டைஆக்சைடின் கன அளவை உட்கொண்ட ஆக்சிசனின் கன அளவால் வகுத்தால் கிடைப்பது மூச்சு ஈவு. குளுக்கோசில் கார்பன் 6, ஐதரசன் 12, ஆக்சிசன் 6; அதற்கு வேண்டிய ஆக்சிசன் 6 + 3 − 3 = 6; ஈவு 1. பால்மிட்டிக் கொழுப்பில் கார்பன் 51, ஐதரசன் 98, ஆக்சிசன் 6. வேண்டிய ஆக்சிசன் 51 + 24.5 − 3 = 72.5, ஈவு 0.70. ஒருவர் உடல் மாவுப்பொருளை எரிக்கிறதா, கொழுப்பை எரிக்கிறதா என்பதை இவ்வாறு மூச்சிலிருந்தே அறியலாம். குளுக்கோசும் நீரை மறைத்து வைத்த கார்பனே. எத்திலீனை ஈதராகக் காட்டாமல் விட்ட அதே காரணத்தால்தான் அதன் ஈவு தூய கார்பனின் ஈவாக உள்ளது.

ஆனால் இதற்கு மூச்சு சீராக ஓடவேண்டும். தூத்துக்குடியின் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மீண்ட ஒருவரின் நுரையீரல் காற்றை உடனே அளந்தால், ஆக்சிசன் குறைந்த அளவுக்குக் கார்பன் டைஆக்சைடு கூடியிராது. அதில் பெரும்பங்கு குருதியிலும் தசைகளிலும் கரைந்து நிற்கும். பாதரசத்துக்குப் பதில் நீரின்மேல் வளிமத்தை அளந்தவர் செய்யும் பிழை இதுதான். இப்பிழை ஆய்வாளரை மட்டுமன்றிக் குளிப்பவரையும் ஏமாற்றக்கூடியது. மூச்சுவிட வேண்டும் என்னும் துடிப்பைப் பெரிதும் எழுப்புவது கார்பன் டைஆக்சைடின் மிகுதியே. ஆக்சிசனின் குறைவு அவ்வளவாக உணரப்படுவதில்லை. இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டவர் கார்பன் டைஆக்சைடை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறார். பின்னர் துடிப்பு எழுமுன்னரே ஆக்சிசன் தீர்ந்து, நீருக்குள் நினைவிழக்க நேரலாம்.

பிற்காலத்தில் இக்கரையில் சங்கு குளிப்போர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து குழாய்வழி மூச்சிழுக்கும் முறைக்கு மாறினர். அங்குக் கவனிக்க வேண்டியது ஆர்சாட் கருவியின் மூன்றாம் கலத்துக்குரிய வளிமம். காற்று உள்ளிழுக்கப்படும் வாய் எஞ்சின் புகைக்கு அருகில் அமைந்தால் கார்பன் மோனாக்சைடும் குழாயினுள் போகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும்.